பொருள் ஒன்று, பெயர் ஒன்பது!

வீட்டு மூலையில் சாத்தி வைத்திருக்கிறீர்களே, அதற்கு என்ன பெயர்? துடைப்பமா? விளக்குமாறா? கோயமுத்தூர்க்காரர் சீமாறு என்பார். நாகர்கோவில்காரர் வாரியல் என்பார். பெருக்குமாறு, வாருகோல் என்பவர்களும் உண்டு. ஒரு பிடி ஈர்க்குச்சிக்கு ஆறு பெயர்! தேடத் தேட இப்படி வந்து குவிந்துவிட்டது. மூச்சு விடாமல் கொட்டப்போகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள்!

இரண்டு பேரைத் தனித்தனியே அழைத்து, ஒரே பொருளுக்குப் பெயர் சொல்லச் சொன்னால் இருவரும் ஒரே சொல்லைச் சொல்லும் வாய்ப்பு எவ்வளவு? பாதிக்குப் பாதி என்றுதானே நினைக்கிறீர்கள்? 20 சதவீதம்கூட இல்லை! 1987-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபர்னஸும் அவருடைய மூன்று கூட்டாளிகளும் சோதித்துப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. புருஷன் ஒன்று கேட்டு மனைவி ஒன்றை எடுத்துக் கொடுப்பதில் இனி யாரையும் குறை சொல்லாதீர்கள்!

கடலைக்கு வருவோம். சென்னையில் அது வேர்க்கடலை. மதுரைப் பக்கம் நிலக்கடலை. கொங்கு நாட்டில் கடலைக்காய். விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் பக்கம் போய்க் கேளுங்கள்... மல்லாட்டை! என்ன சொல் இது என்று தலையைச் சொறியாதீர்கள். மணிலாக்கொட்டைதான் வாய்க்கு வாய் உருண்டு மல்லாட்டை ஆனது. மணிலா எங்கே இருக்கிறது? பிலிப்பைன்ஸில்! செடியின் பூர்வீகம்? தென் அமெரிக்கா! தின்பது? திண்டிவனத்தில்!

அதே கடலை யாழ்ப்பாணத்தில் கச்சான்! நல்லூர்த் திருவிழாவில் கச்சான் வாங்காமல் வீடு திரும்பினவர் உண்டா?

விடமாட்டேன், இன்னும் இருக்கிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கடலைக்கு கூபர் என்று ஒரு பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாயில் கூடவே வந்த சொல் அது! இங்கிலாந்தில் தோலோடு விற்கும் கடலைக்குப் பெயர் குரங்குக் கொட்டை! நெதர்லாந்தில் பீநட் பட்டரைக் 'கடலைச் சீஸ்' என்று சொல்லித்தான் ரொட்டியில் தடவுகிறார்கள்!

மிளகாய் இந்தியாவுக்கு வந்து சுமார் 500 வருஷம்தான் ஆகிறது. வந்தவுடன் என்ன செய்தோம்? மிளகின் பெயரை எடுத்துக் 'காய்' சேர்த்து ஒட்டிவிட்டோம். வந்தது விருந்தாளி, வீட்டுக்காரன் பெயரையே பிடுங்கிக்கொண்டது!

பரங்கிக்காயின் பெயரிலேயே பாஸ்போர்ட் இருக்கிறது! பரங்கி என்றால் ஐரோப்பியன். கொங்கு நாட்டில் அதே காய் அரசாணிக்காய். சந்தையில் வேறு எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஊர் தெரிந்துவிடும்!

ஜன்னலைத் திறந்து பார்த்தால் ஒரு கதைக் கொத்தே இருக்கிறது. ஜன்னல் போர்ச்சுகீசியச் சொல். மூலத்தில் அதற்கு 'குட்டிக் கதவு' என்று பொருள்! பழந்தமிழில் என்ன? காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி! சரி, ஆங்கில விண்டோ? பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்'! ஸ்பானிய மொழியின் வென்டானாவிலும் காற்றுதான் வீசுகிறது! சிலப்பதிகாரத்தில் வரும் சொல்லும் வடகடலில் படகோட்டிய வைக்கிங்குகளின் சொல்லும் ஒரே காற்றைப் பிடித்திருக்கின்றன. இன்னும் ஒன்று, பலகணி. பல கண்! கண் என்று நாமும் சொன்னோம், கண் என்று அவர்களும் சொன்னார்கள். எனக்கு இந்த ஒன்றுக்கே இந்த மாதச் சம்பளம் செரித்துவிட்டது!

சாவி, மேசை, அலமாரி, பேனா, வராந்தா, பீப்பாய், ஏலம். ஏழும் போர்ச்சுகீசியம்! பேனா என்றால் அவர்களுக்கு இறகு. ஜெல் பேனாவால் எழுதினாலும் நீங்கள் இறகால்தான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்!

சாவியை யாழ்ப்பாணத்தில் கேட்டால் கிடைக்காது. திறப்பு என்று கேளுங்கள்! நாற்காலி வேண்டுமா? கதிரை. ஷூ? சப்பாத்து. கடப்பாரை? அலவாங்கு. மேசை இழுப்பறை? லாச்சி, அது டச்சு! ஆபீஸ்? கந்தோர், அதுவும் டச்சு!

யாழ்ப்பாணத்து பேக்கரியில் ரொட்டிக்குப் பெயர் பாண். டோக்கியோ பேக்கரியில் ரொட்டிக்குப் பெயர்? பான்! சட்டையில் நமக்குப் பொத்தான். ஜப்பானியருக்கு? போதான்! இரண்டு ஊரிலும் ஒரே கப்பல்காரர்கள் இறங்கினார்கள். போர்ச்சுகீசியர்!

நம்மிடமிருந்து போனதும் உண்டு, சும்மா விடுவேனா? சுருட்டு ஆங்கிலத்தில் செரூட் ஆனது. கட்டுமரம் கேட்டமரான் ஆனது. ஆனால் அங்கே கேட்டமரான் என்று கேட்டால் இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகைக் காட்டுவார்கள். நம் மீனவர் பார்த்தால் சிரிப்பார்!

டம்ளர் என்றால் 'உருண்டு விழுவது'! பழைய ஆங்கில டம்ளருக்கு அடி தட்டையாக இருக்காது. கீழே வைத்தால் கவிழும். குடித்து முடிக்காமல் வைக்கவே முடியாது! நம் டம்ளர் சமர்த்து. நிமிர்ந்து நிற்கும், கூடவே டபராவும் வரும்.

மண்ணெண்ணெய் என்பது ரேஷன் கார்டில். சீமெண்ணெய் என்பது பாட்டி வாயில். மூன்றாவது தெரியுமா? கிருஷ்ணாயில்! கெரசின் ஆயிலைக் கிருஷ்ண பரமாத்மாவின் கணக்கில் எழுதிவிட்டார்கள். 1854-ல் அந்தப் பெயரை மெழுகுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்து வைத்த ஆபிரகாம் கெஸ்னர் இதைக் கேட்டிருக்க வேண்டும்!

அரிக்கேன் விளக்கு? அது ஹரிக்கேன், அதாவது சூறாவளி! புயலில் அணையாத விளக்கு.

பெட்ரோமாக்ஸ் லைட்? 1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தை நினைத்துச் சிரிக்கிறீர்கள், தெரியும். ஆனால் அந்த மாக்ஸ் ஓர் ஆள்! பெர்லினைச் சேர்ந்த மாக்ஸ் கிரேட்ஸ். பெட்ரோலியம் பாதி, மாக்ஸ் பாதி!

ஜேசிபியும் ஓர் ஆள்தான்! ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு. 1945-ல் இங்கிலாந்தில் கம்பெனி தொடங்கினார். இன்று தமிழ்நாட்டில் எந்தக் கம்பெனி மண் தோண்டும் வண்டி வந்தாலும் குழந்தைகள் கத்துவது அவர் பெயரைத்தான்!

பேப்பர்காரர்கள் மட்டும் 'பொக்லைன் எந்திரம்' என்று எழுதுவார்கள், கவனித்திருக்கிறீர்களா? பொக்லைன் ஒரு பிரெஞ்சு கம்பெனி! பேச்சில் ஆங்கிலேயன், அச்சில் பிரெஞ்சுக்காரன். தோண்டுவது என்னவோ நம்மூர்க் கால்வாய்!

டால்டா 1937-ல் வந்தது. டாடா என்ற டச்சு கம்பெனிப் பெயரின் நடுவே லீவர் கம்பெனி தன் 'ல்' எழுத்தைச் செருகியது. டா-ல்-டா! ஓர் எழுத்து, எத்தனை கோடி டின்! (அந்த டின்னில் துளசி வளர்த்தவர்கள் கை தூக்குங்கள்.)

பாட்டில் தண்ணீர் எது கொடுத்தாலும் பிஸ்லரி. ஃபெலிசே பிஸ்லரி ஓர் இத்தாலியர். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கசப்பு மது!

பீரோவுக்கு ஊருக்கு ஊர் வேஷம். பிரான்சில் அது அலுவலகம். பிரிட்டனில் எழுதும் மேசை. அமெரிக்காவில் இழுப்பறைப் பெட்டி. தமிழ்நாட்டில் பட்டுப்புடவையும் நகையும் தூங்கும் இரும்பு அலமாரி! எல்லாவற்றுக்கும் முன்னால் அது என்ன? மேசைமேல் விரித்த ஒரு முரட்டுத் துணி!

அதே போல் டவுசர். இங்கிலாந்தில் கணுக்கால் வரை வரும். நம்மிடம் வந்ததும் முழங்காலோடு நின்றுவிட்டது!

போலந்தில் சைக்கிளுக்கு என்ன பெயர்? ரோவர்! இங்கிலாந்து ரோவர் கம்பெனி சைக்கிளைப் பார்த்து வைத்த பெயர். கம்பெனி மறந்துபோச்சு, பெயர் மிதித்துக்கொண்டிருக்கிறது!

அர்ஜென்டினாவில் பால்பாயிண்ட் பேனாவின் பெயர் பிரோமே. கண்டுபிடித்த லாஸ்லோ பிரோவின் பெயரில் பாதி, கூட்டாளி மெய்னேயின் பெயரில் பாதி! இங்கிலாந்தில் கூட்டாளியைக் கழற்றிவிட்டு வெறும் பைரோ என்றார்கள். அர்ஜென்டினாவோ பிரோவின் பிறந்தநாளான செப்டம்பர் 29-ஐக் கண்டுபிடிப்பாளர் தினமாகவே கொண்டாடுகிறது!

கம்பெனிகளுக்கு இதில் கண்ணீர்க் கதையும் உண்டு. எல்லோரும் உங்கள் பெயரையே சொல்லிச் சொல்லிப் பொதுச்சொல் ஆக்கிவிட்டால் பெயர் உங்களுடையது அல்ல! எஸ்கலேட்டர், 1950-ல் பறிபோனது. தெர்மாஸ், 1963-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் பறிபோனது. பிரபலமானதற்குத் தண்டனை!

ஆட்டோ பிடிக்கலாமா? ஜகார்த்தாவில் ஆட்டோவுக்குப் பெயர் பஜாய். ஆமாம், நம் பஜாஜ்தான்! நைஜீரியாவில் கேக்கே நாபெப். நாபெப் என்பது அந்த நாட்டு அரசின் வறுமை ஒழிப்புத் திட்டத்தின் பெயர்ச்சுருக்கம்! பாங்காக்கில் டுக்டுக், அது வண்டி போடும் சத்தம். ரிக்‌ஷா என்ற சொல்லே ஜப்பானில் பிறந்தது, 'மனித சக்தி வண்டி'!

அந்தக் காலக் கிராமத்தில் காருக்குப் பெயர் பிளசர்! பிளஷர் காரில் வால் அறுந்துபோய்த் தலை மட்டும் தங்கியது.

கடையில் போய் 'ஒரு கலர் கொடுங்க' என்று கேட்டால் அமெரிக்காவில் பெயிண்ட் டப்பாவைத் தருவார்கள். நம் பெட்டிக்கடையில் குளிர்பானம்! அமெரிக்கர்கள் மட்டும் ஒற்றுமையா? நியூயார்க்கில் அது சோடா. சிகாகோவில் பாப். அட்லாண்டாவில் எந்தப் பானமானாலும் கோக்! கோக் கம்பெனியின் சொந்த ஊர் அதுதானே.

இந்தச் சண்டையைச் சேர்த்து ஒரு வினாவிடை போட்டது 'நியூயார்க் டைம்ஸ்'. உங்கள் சொற்களைச் சொன்னால் உங்கள் ஊரைச் சொல்லும்! 2013 டிசம்பர் கடைசியில் வந்தது. அந்த வருஷம் முழுக்க அந்தப் பத்திரிகையின் இணையதளத்தில் அதிகம் பேர் பார்த்தது எது? பத்தே நாள் வயதான இதுதான்!

கோலி சோடாவின் கோலியை 1872-ல் பாட்டிலுக்குள் அடைத்துக் காப்புரிமை வாங்கியவர் ஹைரம் காட், ஓர் ஆங்கிலேயர். இன்றும் ஜப்பானில் அதே கோலி பாட்டில் சக்கைபோடு போடுகிறது. பெயர் ராமுனே. லெமனேட் என்று சொல்லிப் பார்த்தார்கள், வாயில் வந்தது ராமுனே!

உறிஞ்சு குழலுக்கு ஸ்பானிய மொழியில் என்ன பெயர்? எந்த ஊர் என்று முதலில் சொல்லுங்கள்! மெக்சிகோவில் போபோட்டே. கொலம்பியாவில் பிட்டிஜோ. பெருவில் சொர்பெட்டே. சிலியில் பொம்பிஜா. பனாமாவில் கரிசோ. டொமினிக்கன் குடியரசில் கலிமெட்டே. ஸ்பெயினில் பஹிட்டா. ஒரே மொழி, ஏழு நாடு, ஏழு பெயர்! கேட்டு முடிப்பதற்குள் ஜூஸின் குளிர்ச்சியே போய்விடும்!

விரலில் ஒட்டும் பிளாஸ்திரிக்கு ஜப்பானில் ஹொக்கைடோவில் சாபியோ, கியூஷுவில் ரிபாடேப்பு, டொயாமாவில் கிஸுபான். எல்லாம் பழைய பிராண்டு, மருந்துப் பெயர்கள்! காயம் எங்கே பட்டது என்பதைவிட எந்த ஊரில் பட்டது என்பதே முக்கியம்.

பிரான்சில் சாக்லேட் வைத்த ஒரு பன்னுக்கு வடக்கே பான் ஓ ஷோக்கோலா. தென்மேற்கே ஷோக்கோலாட்டின். சண்டை எங்கே போனது தெரியுமா? 2018 மே மாதம் பாராளுமன்றத்துக்கே! எம்.பி.க்கள் சிலர் ஷோக்கோலாட்டினுக்காகச் சட்டத் திருத்தம் கொண்டு வந்தார்கள். தோற்றுப்போனார்கள்! நம்மூரில் சேவை, சந்தகை, இடியப்பம் என்று யாராவது சட்டசபையில் கிளம்பினால் கதி என்ன?

ஈமெயில் முகவரியின் நடுவே ஒரு சுழி இருக்கிறதே, அது ரஷ்யாவில் நாய்! போலந்தில் குரங்கு. இத்தாலியில் நத்தை. ஹங்கேரியில் புழு. டென்மார்க்கில் தும்பிக்கை. கிரீஸில் வாத்துக்குஞ்சு. செக் நாட்டில் சுருட்டி ஊறவைத்த மீன்! ஒரு மிருகக்காட்சிசாலையே உங்கள் முகவரிக்குள்!

செல்போனை ஜெர்மானியர் ஹேண்டி என்பார்கள். ஆங்கிலச் சொல்தானே என்கிறீர்களா? எந்த ஆங்கிலேயரும் செல்போனை அப்படிச் சொல்வதில்லை! ஸ்வீடனில் அது கரடி பொம்மை. இஸ்ரேலில் 'அதிசய போன்'. நம்மிடம் கைபேசி, அலைபேசி, செல். 'செல்' என்றால் தமிழில் 'போ'. அதை வைத்துவிட்டுப் போகத்தான் ஆளில்லை!

கக்கூஸ் டச்சுச் சொல்! பாத்ரூம் என்றால் குளிக்கும் அறை. ரெஸ்ட் ரூம் என்றால் ஓய்வறை. டாய்லெட்? பிரெஞ்சில் சின்னத் துணி! அங்கே நடக்கும் காரியத்தை நேராகச் சொல்வது டச்சு ஒன்றுதான். அதைச் சொன்னால்தான் நமக்கு முகம் சுளிக்கிறது!

ரப்பர் என்றால் 'தேய்ப்பது'. 1770-ல் பென்சில் கோட்டை இது அழிக்கிறதே என்று அதிசயித்து எழுதியவர் ஜோசப் பிரீஸ்ட்லி, ஆக்சிஜன் புகழ் பிரீஸ்ட்லியேதான்! அதற்கு முன் ரொட்டித் துண்டால் அழித்தார்கள். மரம், டயர், செருப்பு, பலூன் எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்தது பள்ளிக்கூட டப்பாவில் கிடக்கும் அந்தச் சின்ன அழிப்பான்!

வாழைக்கு இலை. பனைக்கு ஓலை. கரும்புக்குத் தோகை. நெல்லுக்குத் தாள். எல்லாம் இலைதான், ஆனால் வாழையோலை என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே ஒத்துழைக்காது! இப்படிப் பட்டியல் பட்டியலாகச் சேர்த்துக் காட்டியவர் தேவநேயப் பாவாணர்.

ஊருக்கு ஊர் சொல் மாறும் என்று தொல்காப்பியமே கணக்குப் போட்டிருக்கிறது. எத்தனை நிலம்? 12! ஒரு பொருளுக்குப் பல பெயர் தரும் ஆங்கிலத் தொகுப்பை ரோஜே வெளியிட்டது 1852-ல். நம் திவாகர நிகண்டு அதற்குப் பல நூறு வருஷம் முந்தியது! காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் மொழியியலாளர் வில்லியம் லபோவ் ஒரு பாத்திரத்தைப் படமாகக் காட்டினார். காபி இருப்பதாக நினைத்துக்கொண்டால் அது கப். உருளைக்கிழங்கு மசியல் இருப்பதாக நினைத்துக்கொண்டால் அதே பாத்திரம் கிண்ணம்! பாத்திரம் மாறவே இல்லை, உள்ளே இருப்பதுதான் மாறியது! வருஷம் 1973.

மூன்று வயதுக் குழந்தை முன்னால் ஒரு ஸ்பூனும் பெயர் தெரியாத ஏதோ ஒன்றும் வையுங்கள். அர்த்தமே இல்லாத ஒரு பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கை நேராகப் புதுப் பொருளுக்குப் போகும்! ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் என்று குழந்தை சத்தியமாக நம்புகிறது. பாவம், இன்னும் துடைப்பம் வாங்கக் கடைக்குப் போகவில்லை!

இதோ என் பெட்டியின் மாணிக்கம். 1986. இரண்டு பேருக்கு நடுவே திரை. இருவரிடமும் பெயரே இல்லாத 12 விசித்திர உருவங்கள். பேசியே அடையாளம் காட்ட வேண்டும். முதல் சுற்றில் ஓர் உருவத்துக்குச் சராசரியாக எத்தனை வார்த்தை? 41! ஆறாவது சுற்றில்? வெறும் 8! சொல்லிச் சொல்லித் தங்களுக்குள் ஒரு பெயரை உண்டாக்கிக்கொண்டார்கள். ஹெர்பர்ட் கிளார்க்கும் டியானா வில்க்ஸ்-கிப்ஸும் நடத்திய சோதனை.

அதற்குப் பத்து வருஷம் கழித்து இன்னொரு கூத்து. பல செருப்புகளுக்கு நடுவே ஒன்றைச் சுட்டிக்காட்ட அதன் ரகத்தைச் சொல்லிப் பழகினார்கள். பிறகு மற்றவற்றை எடுத்துவிட்டு ஒரே ஒரு செருப்பை வைத்தால்? 'செருப்பு' என்றாலே போதும். ஆனாலும் பழைய நீளப் பெயரையே சொன்னார்கள்! எதிரே ஆள் மாறியதும்தான் பெயர் சுருங்கத் தொடங்கியது. ஒப்பந்தம் பொருளோடு அல்ல, ஆளோடு!

இவ்வளவும் உட்கார்ந்தபடி படித்தீர்கள் அல்லவா? எதன்மேல்? நாற்காலிமேல். நான்கு கால் இருப்பதால் நாற்காலி. ஆபீஸில் சுழலும் சக்கர நாற்காலியில் இருந்தால் கொஞ்சம் குனிந்து காலை எண்ணுங்கள். ஐந்து!